பழசை வைப்பதா, புதுசைப் போடுவதா

...அதுவும் ஒற்றை விரலால். வலது கைச் சுட்டுவிரலை மட்டும் நீட்டி, மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, தலையில் பேன் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துக் குத்துகிற இந்த ஐறீன் அக்காதான் இனிமேல் ஒஃபிசின் சேர்வர் கொம்பியூட்டரைப் பார்க்கப் போகிறா. சுகிர்தன் கதிரையைப் பின்னால் இழுத்துப் போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தான், குத்தட்டும், நன்றாகத் தேடிக் குத்தட்டும், இவ்வளவு காலமும் இன்வொயிஸ் அடித்து, மடித்து, உறைக்குள் போட்டு ஒட்டிக்கொண்டிருந்த மனுசி, ஐம்பது தாண்டிய பிறகு ஒஃபிசின் மூளையையே பொறுப்பெடுக்கிறாவாம், ஆர் சொன்னது, நாகேந்திரம் சொன்னது, நாகேந்திரம் சொன்னால் பிறகென்ன... கொழும்பு ஹாபரில் கப்பலால் இறங்குகிற பெட்டிகளை எடுத்துக் கொடுக்கிற கொம்பனி நடத்துகிற மனிதருக்கு ஆட்களும் பெட்டிகள்தான், ஒன்றைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் வேலை முடிந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அந்த மனிதர் ஒருநாளாவது திறந்து பார்த்திருப்பாரா? “தம்பி, இதிலை பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ?” என்று ஐறீன் அக்கா திரும்பிக் கேட்டா. சின்ன எழுத்து என்றான். எல்லாமே சின்ன எழுத்துத்தான் அக்கா, என்று இன்னொரு தடவையும் சொன்னான், முதல் தடவை சொன்னதில் எரிச்சல் போதவில்லை என்று பட்டதால்.

இதைக் காட்டிக் கொடுக்க, ஒஃபிஸ் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நாளாக வெசாக் லீவைத் தெரிந்தெடுத்ததும் அவன்தான், மற்றவர்களுக்கு அந்த அளவு யோசனை எங்கே... ஆனால் வெள்ளவத்தையில் ஏறிய பஸ் பம்பலப்பிட்டியில், வெசாக்குக்கு ஓசிச் சாப்பாடு கொடுக்கிற ஒரு தன்சலுக்கு முன்னால் நின்றே விட்டது, றைவர் இறங்கினான், கொண்டக்டர் இறங்கினான், பிறகு பஸ்ஸுக்குள் இருந்த சனம் முழுவதும் இறங்கிப் போய் வரிசையில் நின்று மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் வாங்கிக்கொண்டு வந்தது, வீட்டில் அடுப்பு எரியாத சனமா இது, கழுத்தில் கனமான செயின் போட்டிருந்த மனுசி ஒருத்தி இரண்டாவது தடவையும் போனாள், ஓசி என்றால் மனிதருக்குக் கூச்சம் என்பதே இல்லை. வெறும் பஸ்ஸுக்குள் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பசித்தது, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தான், அதற்காக இறங்குவதா? கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்து, ஜம்பட்டா வீதி ஒஃபிசின் படி ஏறி வரும்போது ஐறீன் அக்கா காலைப் பூசைக்குப் போய்விட்டு அவனுக்கு முதலே வந்து கதவடியில் நின்றா, கையில் பேக்கரிப் பை, மீன் வைத்த மாலுபாண், “சூடு ஆற முதல் சாப்பிடுங்கோ தம்பி” என்றா. சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான் என்று சொல்லிவிட்டான். இப்போது அந்தப் பை மேசை ஓரத்தில் எண்ணெய் ஊறிக் கிடந்தது, மீன் வாசம் மூக்கைக் குடைந்தது, எடுத்துச் சாப்பிட்டால் என்ன... சாப்பிட்டால் பிறகு மனுசிக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டிவரும்.

எல்லாம் அந்த விசிட்டிங் காட்டால் வந்தது. நாகேந்திரம் திடீரென்று எல்லாருக்கும் புதுக் காட் அடித்தார், பொன்னிறக் கரை வைத்து, கலியாணக் காட் மாதிரி, லொறி ஓடுகிற நோபேட்டுக்குக்கூட ட்ரான்ஸ்போட் எக்ஸிக்கியூட்டிவ், அவனுடையதில் பெயருக்குக் கீழே கொம்பியூட்டர் அசிஸ்ரன்ற். அசிஸ்ரன்ற்! யாருக்கு அசிஸ்ரன்ற், கொம்பியூட்டருக்கா? அப்படியென்றால் அதுவா மனேஜர்? விசிட்டிங் காட்டுகளைக் கட்டோடு கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்து, நான் இந்த மாதத்தோடை விலகிறன் அண்ணை என்று சொன்னான், சொல்வதற்கு முதல் நடக்கப்போவது முழுவதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான், மனிதர் திடுக்கிடுவார், கதவைச் சாத்துவார், என்ன தம்பி இது, இருங்கோ, பிளேன்ரீ குடியுங்கோ என்பார், நோபேட்டைக் கூப்பிட்டு ரீ வாங்கிவரச் சொல்வார், அவன் குடிக்க மாட்டான்... நாகேந்திரம் கடலைத் தோலை ஊதிக்கொண்டு நிமிர்ந்தார். “அப்பிடியே தம்பி? சரி, உங்கட விருப்பம். போறதுக்கு முதல் ஐறீனுக்கு ஒருக்காக் காட்டிக் குடுத்திட்டுப் போங்கோ.” அவ்வளவுதான். பிளேன்ரீயும் இல்லை. இதில் முக்கால்வாசியை அவன் மனைவி உஷாந்திக்குச் சொல்லவில்லை, முதலாளி ஆடிப்போய்விட்டார், யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார் என்றுதான் சொன்னான், அவள் அதைக் கேட்டுக் குளிர்ந்துபோய், “உங்களை விட்டா அந்தாளுக்கு ஆர் இருக்கினம்? பாருங்கோவன், வீடு தேடி வந்து கெஞ்சும்” என்று சொல்லிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ரொறன்ரோவில் இருக்கிற தமக்கைக்கும் சொல்லி, தமக்கை தன் புருசனுக்குச் சொல்லி... அவளின் ஆட்களுக்கு வேறென்ன வேலை, யார் ஏறுகிறார்கள் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான். வேறு வேலை ஒன்றும் அவன் கையில் இல்லை. தேடவும் இல்லை. தேடுவதற்கு என்ன அவசியம், இன்றைக்கு இந்த மெசின் வேலை செய்யாமல் படுக்கும், மாலைக்குள் நாகேந்திரத்தின் கோல் வரும், அவன் இரண்டு தடவை அடிக்கவிட்டு மூன்றாவது தடவை எடுப்பான்.

எப்படிப் படுக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். இந்த ஒஃபிசின் எல்லாப் பெட்டிகளும், பெட்டிக்காரர்களின் பெயர் விலாசங்களும் ஒரு புரோகிறாமுக்குள் கிடக்கின்றன, எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் அதைத் திருத்தித் திருத்திப் புதுசு அனுப்புவார்கள், இங்கே பழசை எடுத்துவிட்டுப் புதுசை ஏற்ற வேண்டும், அப்கிறேட் என்று பெரிய பெயர், அதைத்தான் இப்போது ஐறீன் அக்கா விரலால் குத்தித் தொடக்கியிருந்தா. புரோகிறாமை மெசின் கேட்காமலே மாற்றிவிடும். ஆனால் அது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிற செற்றிங் ஃபைலை ஒருத்தன் கையால் திருத்தியிருந்தால், அதில் மட்டும் தானாகக் கை வைக்காது, நின்று கேட்கும், நீ திருத்தியதை வைத்திருக்கவா, நாங்கள் அனுப்பியதைப் போடவா என்று. அந்த ஃபைலை வரி வரியாகத் திருத்தியவன் அவன், புதுசைப் போட்டால் அந்தத் திருத்தம் எல்லாம் போய்விடும். அந்தக் கேள்வி வருகிறபோதெல்லாம் யோசிக்காமல் பழசு என்று அமத்தியவனும் அவன்தான், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டவும் ஒரு பொத்தான் உண்டு, D, அதை அவன் ஒருநாளும் அமத்தியதில்லை, எதற்கு அமத்த வேண்டும், எங்கோ குளிருக்குள் இருந்துகொண்டு கொட்டாஞ்சேனை எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்கள் எழுதியதை இவன் வாசித்துப் பார்க்க வேண்டுமா? திரையில் எழுத்துகள் மளமளவென்று ஏறிக்கொண்டே போயின. பிறகு நின்றன.

“தம்பி, என்னமோ கேக்குது” என்றா ஐறீன் அக்கா. நீங்களே வாசியுங்கோ அக்கா, இனி நீங்கள்தானே பாக்கப்போறியள், என்றான். மனுசி கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கி, உதடு அசைய அசைய, பூசைப் புத்தகம் வாசிக்கிற மாதிரி அந்த ஆங்கிலத்தை வாசித்தா, அவன் பார்த்துக்கொண்டிருந்தான், இப்போது ஒரு பயம் வந்தது, இந்த மனுசி ஒன்றும் விளங்காமல் வெறும் என்ரரைத் தட்டிவிட்டால்? வெறும் என்ரரைத் தட்டினால் பழசுதான் நிற்கும், மெசின் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது, மடையருக்கும் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். பழசு நின்றால் எல்லாம் ஓடும். அவனுடைய ஃபைலில் எல்லாம் ஓடும், பெயர் ஐறீனுக்கு, அட, ஐறீனே செய்துவிட்டாளே என்று நாகேந்திரம் கடலை ஊதிக்கொண்டு சிரிப்பார்... “பழசை வைக்கிறதோ, புதுசைப் போடுறதோ எண்டுதானே தம்பி கேக்குது?” ஓம். “பழசு எண்டா நீங்க செய்ததோ?” ஓம். ஐறீன் அக்கா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு சற்று யோசித்தா. “அப்ப அதிலை கை வைக்கிறது சரியில்லைத்தானே. நீங்க பாத்துப் பாத்துச் செய்தது. அதையே வைப்பமோ?”

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. பாத்துப் பாத்துச் செய்தது... இந்த ஒஃபிசில் இப்படி ஒரு சொல்லை வேறு யார் சொன்னார்கள், அதுவும் இந்த வாயில் இருந்தா வரவேண்டும், சொன்னது விளங்கித்தான் சொன்னாவா, விளங்காது, கோயில் பூச்சாடியைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொல்லியிருப்பா, ஆனாலும் அவனுக்கு ஒரு கணம் ஓம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொன்னால்? சொன்னால் மாதக் கடைசியில் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கலாம். வீட்டோடு இருக்கிற மாமியாரின் முன்னால், வெள்ளவத்தை ஃபிளாற்றின் அந்த ஒற்றை ஜன்னலடியில், உஷாந்தி தமக்கைக்கு என்ன சொல்வாள்? “உங்கட விருப்பம் அக்கா” என்றான். சொன்ன பிறகுதான் அது நாகேந்திரம் தனக்குச் சொன்ன அதே சொல் என்று உறைத்தது, அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னான், “புதுசு அனுப்பினவை சும்மா அனுப்புவினமே?” போதும். ஐறீன் அக்கா தலையாட்டினா. “அதுவும் சரிதான். அவைக்குத் தெரியாததோ” என்று சொல்லி, Y எங்கே இருக்கிறது என்று தேடி, கண்டுபிடித்து, குத்தினா, பிறகு என்ரர்.

இனி வரும். எழுத்துகள் திரும்பவும் ஏறின, அவன் கதிரையை மேசையோடு நெருக்கிப் போட்டான், ஐறீன் அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டா, போடட்டும், அந்தோனியாரே வந்தாலும் இனி நடக்கப்போவது நடக்கும்... முதலில் பெயர்கள் போகும். தொடக்க காலத்தில் இங்கே தமிழில் எதை எழுதினாலும், சிங்களத்தில் எதை எழுதினாலும், எல்லாம் கேள்விக்குறிகளாகத்தான் நிற்கும், கனடாவில் இருந்தும் டுபாயில் இருந்தும் பிள்ளைகள் அனுப்பிய பெட்டிகள் எல்லாம் கேள்விக்குறிகளின் பெயருக்கு வந்து குவியும், நோபேட் லொறியை நிறுத்திவிட்டு இது ஆருடைய பெட்டி, இது ஆருடைய பெட்டி என்று போன் அடித்துக்கொண்டிருப்பான். எங்கே பிழை என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் இருந்து, தேடி, அந்த ஃபைலுக்குள் ஒரு வரியைத் திருத்தினான், மறுநாள் எழுத்துகள் எழுத்துகளாக நின்றன. நாகேந்திரம் அன்றைக்கு வருகிற போகிற எல்லாரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார், தானே செய்த மாதிரி, எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தார், தின்று முடிந்து கை கழுவியதும் மறந்தும் போனார். அந்த வரிதான் இப்போது போய்விட்டது. ஐறீன் அக்கா பட்டியலைத் திறப்பா, கேள்விக்குறி, அடுத்த பக்கம், கேள்விக்குறி, ஐயோ தம்பி என்பா, அவன் பையைத் தூக்கிக்கொண்டு எழும்புவான், முதலாளிக்கு அடித்துச் சொல்லுங்கோ அக்கா என்று மட்டும் சொல்லுவான்.

பட்டியல் திறந்தது. அங்கம்மா, ஜிந்துப்பிட்டி. அதற்குக் கீழே தெமட்டகொடை ஆள் ஒருவர், சிங்களத்தில். அதற்குக் கீழே கொம்பனித்தெரு நஸ்லா. ஒவ்வொரு எழுத்தும் கொம்பும் காலுமாக முழுசாக நின்றது. “வடிவா வந்திருக்குது தம்பி!” பொறுங்கோ, என்றான், புதுசாக ஒன்று எழுதிப் பாருங்கோ, பழசு இருக்கும், புதுசுதான் பிழையாக வரும். ஐறீன் அக்கா தன் மகளின் பெயரை எழுதினா, றொசானா, சேமித்துத் திறந்தா, றொசானா. அவன் கீபோட்டைத் தன் பக்கம் இழுத்தான், சரி, எழுத்து வந்துவிட்டது, வேகம் வராது, அவன் போட்டிருந்த வரிகள் இல்லாமல் இது கட்டை வண்டி மாதிரி இழுக்கும்... போன வருசப் பட்டியல் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்டான், தட்டிக் கையை எடுக்க முதல் வந்து நின்றது. முன்னைவிடக் கெதியாகவோ? இல்லை, லீவு நாள், யாரும் பாவிக்கவில்லை, அதுதான். பிரிண்ட் கொடுத்தான், பிரிண்டர் நல்ல பிள்ளையாகத் துப்பியது. படு, என்று மனதுக்குள் சொன்னான், எங்கேயாவது ஒரு இடத்திலாவது படு. தான் இருந்து கட்டியதை உடையச் சொல்லி இப்படிக் கெஞ்சுகிறேனே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் தேடினான், கோழி குப்பை கிளறுகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகக் கிளறினான், ஒன்றும் படவில்லை.

ஐறீன் அக்கா இதற்கிடையில் முதலாளிக்கு அடித்துவிட்டா. “ஓம் ஐயா, எல்லாம் சரி. இல்லை இல்லை, தம்பி பக்கத்திலைதான் இருந்தவர், ஆனா அவர் ஒண்டும் தொடேல்லை, நான்தான் எல்லாம் அமத்தினனான்.” குரலில் என்ன சந்தோசம், பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாக வந்த மாதிரி. அந்தப் பக்கம் நாகேந்திரம் ஏதோ சொன்னார், மனுசி சிரித்தா, போனை அவனிடம் நீட்டுவா என்று நினைத்தான், என்ன சொல்லலாம் என்றும் ஒரு நொடிக்குள் யோசித்துவிட்டான், நீட்டவில்லை, வைத்துவிட்டா. அவன் அந்தப் புது ஃபைலைத் திறந்தான். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தான், முதல் தடவையாக, இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக, பாதியில் அது இருந்தது. அவன் எழுதிய அதே வரி. எழுத்துகள் எந்த மொழியாக இருந்தாலும் சேதமில்லாமல் நிற்க வேண்டும் என்பதற்காக இதை எல்லாருக்கும் போட்டு அனுப்புகிறோம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது, பணிவான குறிப்பு. எப்போது போட்டார்கள்? போன வருசமா? அதற்கும் முதலா? அவன் பழசு, பழசு என்று அமத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் இது இங்கே வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறதா? கோபம் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை, அந்தக் குளிர் நாட்டுக்காரர்கள் மீதா, அவர்கள் அவனிடம் இருந்து ஒன்றும் களவெடுக்கவில்லை, அவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, பிழையை யாரோ கண்டார்கள், திருத்தினார்கள், உலகம் முழுவதற்கும் அனுப்பினார்கள். அவனும்தான் கண்டான், திருத்தினான். இந்த மாடிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

தன்னுடைய பழைய ஃபைல் எங்கே என்று பார்த்தான். அழியவில்லை, அதே இடத்தில், அதே பெயரின் பின்னால் ஓல்ட் என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு கிடந்தது, மெசின் மரியாதையாகத்தான் எடுத்து ஓரத்தில் வைத்திருந்தது. திறந்தான். இந்த வரி பழைய மெசினின் மெமரி காணாது என்று போட்டது, அந்த மெசினை எப்போதோ பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தாயிற்று. இந்த வரி ஹாபர் ஒஃபிஸ் லைன் அடிக்கடி அறுந்துபோகும் என்று போட்டது, அந்த லைனே இப்போது இல்லை. இந்த வரி... இது எதற்கு? தன் கையால் எழுதியது, தொடாதே என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறான், ஏன் தொடக்கூடாது? நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான், வரவில்லை. பிழையாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பிழை என்றால் ஒரு வெட்கத்தோடு முடிந்துவிடும், இது பிழையும் இல்லை, ஒரு காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

“இது என்ன தம்பி, அதே பேரிலை இன்னொண்டு?” ஐறீன் அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. பழசு அக்கா, என்றான். “மெசின் இதைப் பாக்குமோ?” இல்லை, பார்க்காது. “வேறை ஆரும் பாவிக்கிறதோ?” இல்லை. “அப்ப அழிக்கட்டே?” என்று கேட்டு விரலை நீட்டியே விட்டா, சும்மா கேட்டதுதான், மேசையில் நொறுங்கிக் கிடக்கிற பாண் தூளைத் தட்டிவிடட்டா என்று கேட்கிற மாதிரி. அவனுக்குப் பழைய சாமான்களைச் சேர்த்து வைக்கிறவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது, மாமி யோகட் கோப்பைகளைக் கழுவி அடுக்கி வைப்பதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும், ஓம் அழியுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். “இருக்கட்டும்” என்றான். குரல் வேறு ஒருவருடையது மாதிரி வந்தது. ஐறீன் அக்கா அவனை ஒருமுறை பார்த்தா, நீட்டிய விரலை மடக்கிக்கொண்டா, பிறகு, மனுசியிடம் அவன் இதற்கு முதல் கேட்டிராத ஒரு மெதுவான குரலில், “ஓம் தம்பி, கிடக்கட்டும். இடம் ஒண்டும் பிடிக்காதுதானே” என்றா. அவன் ஃபைலின் அளவைப் பார்த்தான், மனுசி சொன்னது சரிதான்.